தணிகாசலத்தின் வலது கை

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்க வந்தவருக்கும் வேலை கேட்டு வந்தவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். இனி அதில் உட்காரப் போகிறவர்கள் நீங்கள். “அவர் சொன்னதை இவருக்குச் சொல்லணும், இவர் சொன்னதை அவருக்குச் சொல்லணும், அவ்வளவுதானே மேடம்?” என்று உங்களில் ஒரு பெண் போன வாரம் என்னிடம் கேட்டாள். அவ்வளவுதான் கண்ணு. அந்த அவ்வளவில்தான் ஒருமுறை ஒரு மனிதரின் கை போகப் பார்த்தது. விசா எப்படி வாங்குவது, ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். எனக்கு அவை பாதி மறந்தும் போய்விட்டன. மறக்காதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் வளைகுடாவில் துறைமுகம் கட்ட வெல்டர்கள் வேண்டியிருந்தார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர்கள் இருந்தார்கள். இடையில் எங்கள் அலுவலகம் இருந்தது. ஒரு லேத் பட்டறையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே இரண்டு மேஜை. நான் டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். ஆங்கிலம் பேச வந்ததால் நடு நாற்காலியும் என் தலையில் விழுந்தது. தொழிலாளிகளுக்கு நான் கடைசிவரை டைப்பிஸ்டம்மாதான்.

இன்னொரு மேஜையில் அன்வர். பூந்தமல்லிக்காரர், என்னைவிட நான்கைந்து வயது இளையவர், பிழையில்லாமல் டைப் அடிப்பார். சாயங்காலங்களில் ஏதோ கூட்டங்களுக்குப் போய்விட்டு மறுநாள் கையில் துண்டுப் பிரசுரங்களோடு வருவார். இறைவனின் சட்டம் ஆட்சிக்கு வந்தால் லஞ்சம், திருட்டு, பட்டினி எல்லாம் ஒரே நாளில் ஒழிந்துவிடும் என்பார். “அதுக்கு முன்னாடி இந்த மின்விசிறியைச் சரி பண்ணச் சொல்லுங்க அன்வர்” என்பேன் நான். சிரித்துவிடுவார். நல்ல பிள்ளை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது அம்பத்தூர்ப் பட்டறைகளின் ஒரு வழக்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை மாலை, ஷெட்டுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும் கழிவிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். வெல்டிங் ராடின் மிச்சம், தகட்டின் ஓரம், ஒரு முழக் குழாய். ஃபோர்மேன் பார்ப்பார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் பீடி பற்றவைப்பார். அவர் திரும்பிவிட்டால் எடுக்கலாம் என்று அர்த்தம். திருநின்றவூரில் எத்தனையோ வீடுகளின் தாழ்ப்பாளும் கோழிக்கூண்டும் அப்படி வந்தவைதான். அதை யாரும் திருட்டு என்று நினைத்ததில்லை, முதலாளிகள் உட்பட.

ஒரு வியாழக்கிழமை காலை ஏழுமலை அலுவலகத்துக்குள் வந்தார். ஆவடிக்காரர், நாங்கள் அனுப்பிய வெல்டர். துறைமுக முகாமிலிருந்து லீவில் வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“டைப்பிஸ்டம்மா, நம்ம தணிகாசலத்த போலீஸ்ல புட்சிகினு பூட்டாங்க.”

தணிகாசலமும் நாங்கள் அனுப்பியவர்தான், திருநின்றவூர். கை நடுங்காமல் தையல் போட்ட மாதிரி வெல்டிங் போடுவார். சோதனையில் அவர் போட்ட துண்டைத் துறைமுகக் கம்பெனியின் வெள்ளைக்கார மேலாளர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது எனக்கு நினைவிருந்தது.

“எதுக்குப் பிடிச்சாங்க?”

“பித்தள துண்டும்மா. ஷெட்டுக்குப் பின்னாடி குப்பையில கெடந்துச்சி. நம்ம ஊரு நெனப்புல எல்லாரும் பாக்கவே எட்த்து பொட்டியில போட்டுகினான். அத்த உருக்கி ஊட்டுக்கு வெளக்கு வாக்கணும்னான். கேட்டுல பொட்டிய தொறந்து பாத்தாங்க, மாட்டிகினான். சனிக்கெயம காஜிகிட்ட, அதாம்மா அவங்க ஊரு ஜட்ஜிகிட்ட, கூட்டிகினு போறாங்களாம். அங்க திருட்டுன்னா இன்னா பண்ணுவாங்க தெரீமா?”

வாயால் சொல்லவில்லை அவர். இடது கையை விறைப்பாக வைத்து வலது மணிக்கட்டின் மேல் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். அதே நேரம் வாசலில் ஒரு குரல் கேட்டது.

“இன்னா அண்ணாத்தே, கைய இன்னாத்துக்கு அப்டி காட்டற?”

தணிகாசலத்தின் மனைவி கன்னியம்மா. ஏழுமலை வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரர் ஏதாவது சொல்லி அனுப்பினாரா என்று கேட்க ரயிலேறி வந்திருந்தாள். ஏழுமலை கையை இறக்கிக்கொண்டு, நடந்ததை இரண்டு வரியில் சொன்னார். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“அது வெல்டரு கையிம்மா. ஒத்த கைய வச்சிகினு அவரு இன்னாத்த புடிப்பாரு?”

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

முதலாளிக்குத் தெரிந்ததும் கதவைச் சாத்தினார். மறுநாள் காலை எங்கள் முற்றத்தில் புதிய ஆட்களுக்கு வெல்டிங் சோதனை. அதே வெள்ளைக்கார மேலாளர் பட்டணத்து ஹோட்டலில் வந்து தங்கியிருந்தார். அவரை எல்லோரும் துரை என்போம். “இது வெளியில போகக் கூடாது. ஒருத்தன் காதுல விழுந்தா அத்தனை பேரும் எழுந்து போயிடுவான். அந்த நாட்டுச் சட்டம் அது, நாம என்ன பண்ண முடியும்?” என்றார் முதலாளி. கன்னியம்மாவுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கச் சொன்னார்.

நான் அன்வரைப் பார்த்தேன். எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம், கிடைத்தவர் மேல் பாய்ந்தது. “என்ன அன்வர், உங்க சட்டம் வந்தாச்சு பாத்தீங்களா?”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. “கஷ்டமாத்தான் இருக்குக்கா. ஆனா சட்டம்னா அப்படித்தான் இருக்கணும். ஒரு கை போனா ஊரே கதவைத் திறந்து வெச்சுட்டுத் தூங்கும்.”

“அது தணிகாசலத்தோட கையா இருந்தாலுமா?”

“யாரோடதா இருந்தாலும்.” எழுந்து டைப் மெஷின் மேல் உறையைப் போட்டார். “நான் சொல்றது நம்பிக்கை இல்லேன்னா வாங்க, எங்க ஹஜ்ரத்தையே கேட்கலாம்.”

ஆவடி போய் வேறு பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கி நடந்தோம். ஹஜ்ரத் பூந்தமல்லியில் ஒரு சின்ன மதரஸாவில் பாடம் சொல்பவர். அன்று எங்கோ ஒரு நிக்காஹ் நடத்தி வைக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவசரத்தில் இருந்தார், ஜலதோஷம் வேறு. என்னை அவர் மனைவிக்குப் பக்கத்தில் பாயில் உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே கேட்டார். அன்வர் விஷயத்தைச் சொல்லி, “வெட்டறதுதானே ஹஜ்ரத் சட்டம்?” என்று முடித்தார். அவரே அதைத் தீர்ப்பு மாதிரிதான் சொன்னார்.

ஹஜ்ரத் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பித்தளை எங்கே கெடந்துச்சு? பூட்டின அறையிலயா?”

அன்வருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். “வெளியில, குப்பை மேட்டுல.”

“காவல் இருந்துச்சா?”

“இல்லைங்க.”

“மறைச்சு எடுத்தாரா?”

“எல்லாரும் பாக்கத்தான் எடுத்திருக்காரு. எங்க பட்டறைகள்ல அது வழக்கம். தப்புன்னே அவருக்குத் தெரியாது.”

“புகார் கொடுத்தது யாரு? பொருளுக்குச் சொந்தக்காரரா? காஜிகிட்ட போயாச்சா, இன்னும் போலீஸ்லதான் இருக்கா?”

சனிக்கிழமைதான் காஜியிடம் போகிறார்கள் என்றேன். யார் புகார் கொடுத்தார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்தக் கேள்வியே எங்களுக்குத் தோன்றவில்லை. ஹஜ்ரத் செருப்பை மாட்டாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“பாருங்கம்மா, கை வெட்டறது சட்டத்துல இல்லேன்னு நான் சொல்லமாட்டேன். இருக்கு. ஆனா பாதுகாப்பா வெச்ச பொருளா இருக்கணும். சந்தேகம் ஒண்ணு வந்துட்டாலும் வெட்டக் கூடாது. அது வழக்கம்னு நெனச்சு எடுத்தாரே, அதுவே சந்தேகம்தான். எல்லாத்தையும் விடப் பெருசு ஒண்ணு இருக்கு. காஜிகிட்ட போறதுக்கு முந்தி சொந்தக்காரர் மன்னிச்சுட்டா வெட்டு இல்லே. போன பிறகு அவரே காலைப் புடிச்சு அழுதாலும் காஜி கேட்க முடியாது.”

“அப்ப மன்னிச்சுட்டா கை தப்பிச்சிடும்னு சொல்றீங்க?”

“கிதாபுல இருக்கறத சொல்றேன். அந்த ஊர் காஜி எப்படி, போலீஸ் எப்படின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? ஜெயில்ல போடலாம், கசையடி கொடுக்கலாம். என் பேச்சை நம்பி ஒருத்தரோட கைய வெச்சுடாதீங்க. எனக்கே பயமா இருக்கு.” அவர் மனைவி என் பக்கம் திரும்பி, “அந்தப் பொண்ணுக்குக் கொழந்தைங்க இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் அன்வர் ஆவடி வரைக்கும் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார். இறங்கும்போது, “அவர் பழைய காலத்து மனுஷர்க்கா. பயப்படறார்” என்றார். எனக்கு ஹஜ்ரத்தின் பயம்தான் பிடித்திருந்தது. கன்னியம்மாவைத் தவிர, அன்று முழுக்க நான் பார்த்தவர்களில் அந்தக் கையை நினைத்துப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

வெள்ளிக்கிழமை காலை முற்றம் நிறைய ஆட்கள். பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். துரை நாற்காலியில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். கேட்டுக்கு வெளியே கன்னியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழுமலை அவளுக்குத் துணையாக நின்றார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே எச்சரித்தார்.

சோதனை தொடங்கும் முன் ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் துரை. எழுந்து நின்றார். ஆங்கிலத்தில் அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்.

“இவர்களிடம் சொல். அங்கே ஒரு ஆணியை எடுத்தாலும் கையை வெட்டிவிடுவார்கள். போன வாரம் இந்த ஊர்க்காரன் ஒருவன் மாட்டிக்கொண்டான். அந்த ஜனங்களிடம் நியாயம் பேச முடியாது. அவர்களுக்குச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது, வாள்தான் உண்டு.” சொல்லிவிட்டு அவரும் ஏழுமலையைப் போலவே மணிக்கட்டில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முன்வரிசையில் நின்றவர்களின் முகம் வெளுத்தது.

மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். ஹஜ்ரத்தின் கேள்விதான் வந்தது. “புகார் கொடுத்தது யார், சார்?”

“நான்தான், கம்பெனி சார்பில்” என்றார் சாதாரணமாக. “திருட்டு அதிகமாகிவிட்டது. ஒருவனைப் பிடித்துக் கொடுத்தால் மற்றவர்கள் பயப்படுவார்கள். அவர்கள் இவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காட்டுமிராண்டிகள், என்ன செய்வது?”

பிள்ளைகளே, அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பித்தளையை விட்டுக்கொடுக்க உலகத்திலேயே உரிமையுள்ள மனிதர் என் பக்கத்து நாற்காலிக்காரர். வாளைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டு நிற்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றும் வந்தது. இரண்டும் தணிகாசலத்துக்கு உதவாது.

நான் குரலை உயர்த்தவில்லை. “சார், நீங்கள் சொன்னதை இவர்களுக்கு அப்படியே சொல்கிறேன். புகார் கொடுத்தது நீங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.”

அவர் முகம் சிவந்தது. “என்னை மிரட்டுகிறாயா?”

“இல்லை சார். பாதி மட்டும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.” மேஜையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். வேலை போகும், ஒப்பந்தம் போகும், இத்தனை பேரின் பிழைப்பும் போகும் என்று எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது. “இன்னொன்றும் சொல்லலாம் சார். நீங்கள் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள் என்று சொல்லலாம். காஜியிடம் போவதற்கு முன்னால் சொந்தக்காரர் மன்னித்தால் அவர்கள் சட்டம் கையைத் தொடாது. நாளைக்கு வழக்கு அவரிடம் போய்விடும். இன்றைக்கு மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.”

“இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?”

“பூந்தமல்லியில் ஒருவர்.”

அவர் சிரிக்கத்தான் தொடங்கினார். முற்றம் அத்தனை அமைதியாக இருந்ததால் அது பாதியில் நின்றுவிட்டது. ஆட்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் ஏதோ நடக்கிறது என்று புரிந்தது. துரை கேட்டைப் பார்த்தார். “அந்தப் பெண் யார்? வந்ததிலிருந்து என்னையே பார்க்கிறாள்.”

“தணிகாசலத்தின் மனைவி.”

அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அவர் பயமுறுத்துவதற்குத்தான் ஆசைப்பட்டார். அந்தப் பயத்தின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதைக் கேட்டுக்கு வெளியே பார்க்கும்வரை அவர் யோசிக்கவே இல்லை. “என்ன எழுத வேண்டும்?” என்றார் கடைசியில்.

எனக்கு வாசகம் தெரியாது. அப்போது பின்னாலிருந்து ஒரு தாள் நீண்டது. அன்வர். காலையில் அவர் தாமதமாக வந்ததற்கு முதலாளி திட்டியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கே போயிருந்தார் என்பதும். சுத்தமான ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தார். பொருள் திறந்த வெளியில் கழித்துப் போடப்பட்டது, எடுத்தவர் அதை வழக்கம் என்று நம்பினார், உரிமையாளர் முழு மனதோடு விட்டுக்கொடுக்கிறார், இனி அவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. “ஹஜ்ரத் இப்படித்தான் எழுதச் சொன்னாருக்கா. ஒரு வரியும் விட்டுடாதீங்க” என்றார் மெதுவாக.

துரை கையெழுத்துப் போட்டார். அன்வர் அதை வாங்கிக்கொண்டு ஹோட்டலிலிருந்து முகாமுக்கு டெலக்ஸ் கொடுக்க முதலாளியின் காரிலேயே ஓடினார். நான் ஆட்களைப் பார்த்துத் திரும்பினேன்.

“நம்ம ஊர்ல கீழே கிடக்கறதை எடுப்போம். அங்கே எடுக்காதீங்க. திருநின்றவூர்க்காரர் ஒருத்தர் எடுத்து மாட்டிக்கிட்டார். துரை புகார் கொடுத்தார், இப்ப திருப்பி வாங்கிட்டார். அவர் கை தப்பிக்குமான்னு நமக்கு இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுப் போறவங்க போங்க.”

சிலர் கருவிப் பையை எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்கள். முதலாளி என்னோடு நெடுநாள் பேசவில்லை. அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. டெலக்ஸை யாராவது கிழித்துப் பார்த்தார்களா, பார்த்தவர் போலீசுக்குக் கொண்டு போனாரா, போலீஸ்காரர் வாங்கினாரா, ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை பகல் முழுக்கக் கன்னியம்மா எங்கள் அலுவலகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பட்டறையில் தகடு வெட்டும் இயந்திரம் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவள் தோள் குலுங்கியது. நான் போய் அதைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். காரணம் கேட்காமல் நிறுத்தினார்கள்.

திங்கட்கிழமை முகாமிலிருந்து தந்தி வந்தது. வழக்குக் காகிதம் காஜியிடம் போவதற்கு முன்பே புகார் கைவிடப்பட்டது, ஆளைக் கொஞ்ச காலம் காவலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள் என்றிருந்தது. கன்னியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். “இன்னொரு தபா படிம்மா” என்றாள். படித்தேன். அன்வர் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவினார். அதற்குப் பிறகும் அவர் கூட்டங்களுக்குப் போனார், பிரசுரங்களும் வந்தன. ஆனால் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கும் ஊரைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவில்லை.

துரை அடுத்த வருடமும் வந்தார். முதலாளி வீட்டு விருந்தில் புதிதாக வந்த வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னார். வாள் ஓங்கியாகிவிட்டதாம், கடைசி நொடியில் இவர் ஒரு அப்பாவியைக் காப்பாற்றினாராம். தன் ஊரில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வதாகச் சொன்னார். புகார் யார் கொடுத்தது என்பது கதையில் வரவில்லை, ஹஜ்ரத்தும் வரவில்லை. எல்லோரும் அந்த நாட்டை நினைத்து உச்சுக்கொட்டினார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டிய இடமில்லை அது, எனவே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு நாட்டின் சட்டத்தைப் பற்றி யாராவது உங்களுக்கு மணிக்கட்டில் இழுத்துக் காட்டினால், அது புகழ்ச்சியானாலும் திட்டானாலும், முதலில் ஹஜ்ரத் கேட்டதைக் கேளுங்கள். பொருள் எங்கே கிடந்தது, புகார் யாருடையது, இன்னும் நேரம் இருக்கிறதா? பயம் வரும். எனக்கு வந்தது. பயத்தோடேயே கேளுங்கள்.

தணிகாசலம் திரும்பி வந்ததும் மனைவியோடு என்னைப் பார்க்க வந்தார். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும், நான் அவர் முகத்தை முதலில் பார்க்கவில்லை. இரண்டு கையும் இருந்தன. இளைத்துக் கறுத்திருந்தார். “நல்லா கீறீங்களாம்மா?” என்றார். வாங்க வாங்க என்று அவசரமாக எழுந்தேன், எழுந்த வேகத்தில் மேஜையிலிருந்த பேனா தவறி உருண்டு போய் அவர் காலடியில் நின்றது.

அவர் சட்டென்று ஓரடி பின்னால் போனார். குனியவில்லை. அதைப் பார்த்தபடியே மனைவியைக் கூப்பிட்டார்.

“கன்னிம்மா, அம்மா பேனா கீய வியுந்துகீது பாரு. நீ எட்த்துக் குடு.”

அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்தபடி இருந்தன.